கடலைக்கு ஒரு குட்டி

கடலை தன் முப்பத்து நாலாவது பந்தயத்தில் ஒன்பது குதிரைகளில் ஆறாவதாக வந்தது. மைதானத்திலிருந்து திரும்பும்போதே, வேனின் முன்சீட்டில் உட்கார்ந்தபடி அண்ணன் அறிவித்துவிட்டார்.

"போதும் பாப்பா. ஓடினது போதும். இனி அவ குட்டி போடட்டும்."

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த தங்கை சிவப்பு சிக்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிக்னல் பச்சையாகி, பின்னால் ஒருவன் பொறுமையிழந்து ஹாரன் அடித்த பிறகுதான் வண்டியை நகர்த்தினாள்.

அண்ணன் பேக்கரி வைத்திருந்தார். ஐம்பத்திரண்டு வயது, கனத்த தோள். மாவு படாத சட்டை என்று அவரிடம் இருந்தது ஒன்றே ஒன்று. அதைப் பந்தய நாளில் மட்டும் போடுவார். தங்கை குதிரைச் சவாரிக்காரி. ஜாக்கி இல்லை. பந்தய நாளில் பளபளவென்று சட்டை போட்டுக்கொண்டு ஏறுகிறவர்கள் வேறு. இவள் தினமும் விடிகிற நேரத்தில் பயிற்சி மைதானத்தில் குதிரைகளை ஓட்டிப் பழக்குகிறவள். இருபத்திரண்டு வருஷமாக அதே வேலை. நாற்பத்து நாலு வயதாகியும் வீட்டில் அவள் பெயர் பாப்பாதான்.

கடலையை வாங்கச் சொன்னவளும் அவள்தான். ஒரு நாள் மைதானத்து கேன்டீனில் பன் தட்டுகளை இறக்க வந்த அண்ணன், தங்கை குதிரை மேல் பறந்து போவதை வேலியோரம் நின்று பார்த்துவிட்டார். அன்று பிடித்த பைத்தியம். "நமக்குன்னு ஒண்ணு பாரு பாப்பா" என்று ஒரு வருஷம் நச்சரித்தார். கடைசியில் ஓர் ஏலத்தில், யாரும் அவ்வளவாகச் சீண்டாத ஓர் இரண்டு வயதுப் பெண்குதிரையை அவள் காட்டினாள். வறுத்த கடலைத் தோலின் நிறம். பந்தயத்துக்கென்றே வளர்க்கும் தரோப்ரெட் இனம்தான், ஆனால் பெரிய இடத்துப் பிள்ளை இல்லை. அப்பன் குறுகிய தூரத்தில் நாலைந்து முறை ஜெயித்துவிட்டு, பிறகு யார் வாயிலும் பேர் அடிபடாமல் போனவன். அம்மா ஒன்றுகூட ஜெயித்ததில்லை. பதிவேட்டில் குட்டிக்கு வாயில் நுழையாத ஒரு பெயர் இருந்தது. லாயத்தில் எல்லோரும் கடலை என்றே கூப்பிட்டார்கள்.

ஐந்து வருஷத்தில் கடலை மூன்று பந்தயம் ஜெயித்தது. மூன்றும் சின்னப் பந்தயங்கள். ஒவ்வொரு முறையும் அண்ணன் உலகத்தையே வாங்கிவிட்டவர்போல் பேக்கரிக்கு வந்து, வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு பன் சும்மா கொடுத்தார்.

மறுநாள் பதினோரு மணிக்கு மைதானத்து வேலை முடிந்து அவள் பேக்கரிக்குப் போனாள். பின்கட்டில் அண்ணன் மாவை உருட்டிக்கொண்டிருந்தார். நடுச்சுவரில் இருந்த ஜன்னல் வழியாக, முன்னால் கல்லாவில் நின்ற அண்ணியின் முதுகு தெரிந்தது.

"அண்ணா, நல்லா யோசிச்சுத்தான் சொல்றியா? அவ அப்பன் யாருன்னு கேட்டா நாலு பேருக்குத் தெரியாது."

"நம்ம அப்பா யாருன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? நாம பொழைக்கலையா?"

"அவ அம்மா ஒண்ணுகூட ஜெயிக்கல."

"இவ ஜெயிச்சாளே மூணு."

"எல்லாம் சின்னப் பந்தயம்."

"சின்ன பன்னும் பன்னுதானே."

அண்ணி திரும்பாமலே ஜன்னல் வழியாகச் சொன்னார்: "பன்னுக்கு யாரும் வம்சம் கேக்க மாட்டாங்க. குதிரைக்குக் கேப்பாங்க."

"கேட்டியா, அண்ணியும் சொல்றாங்க. அப்புறம் அந்த வலது முன்னங்கால். கொஞ்சம் வெளிப்பக்கமாத் திரும்பியிருக்கு. குட்டிக்கும் வரலாம்."

"எனக்கும்தான் திரும்பியிருக்கு. உங்க அண்ணி என்னைக் கட்டிக்கலையா?"

"அப்போ யாரும் காலைக் காட்டல" என்றார் அண்ணி. ரொட்டி வாங்க நின்ற ஒருவர் சத்தமாகச் சிரித்தார்.

எதைச் சொன்னாலும் அண்ணன் பிடி கொடுக்கவில்லை. அவள் தட்டுகளைக் கழுவித் தருகிற சாக்கில் பின்வாசல் தொட்டிக்குப் போய் நின்றுகொண்டாள். கொஞ்ச நேரத்தில் அண்ணியும் ஈரத்துணியோடு வந்தார்.

"நாலு காரணம் சொன்ன. அஞ்சாவது ஒண்ணு உன் தொண்டைலயே நிக்குது. என்னடி அது?"

அண்ணியிடம் எதையும் மறைக்க முடியாது. தட்டைத் தொட்டியிலேயே விட்டுவிட்டு அவள் சொன்னாள்.

வாங்கின மூன்றாம் வாரம். கடலையை முதல்முறை முழு வேகத்தில் விட்ட அன்று, அதன் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஈரத்துணியை யாரோ விடாமல் உதறுவதுபோல, புர்ர், புர்ர் என்று. குதிரைகளுக்குத் தொண்டையில் ஒரு கோளாறு வரும். மூச்சுக்குழாயின் வாயில் இருக்கும் இரண்டு மடல்களில் ஒன்று செயலிழந்து, ஓடும்போது காற்றை அடைக்கும். அப்படிப்பட்ட குதிரை மூச்சு விடச் சிரமப்பட்டு இரையும். அது குட்டிக்கும் போகலாம் என்பது மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும். கடலைக்கும் அதுதான் என்று அவள் அப்போதே முடிவு கட்டிவிட்டாள். லாயத்து டிரெய்னருக்குக் காது மந்தம்; கவனிக்கவில்லை. அண்ணனோ அந்த வாரம்தான் பேக்கரிச் சுவரில் கடலையின் போட்டோவை மாட்டியிருந்தார். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளிப்போட்டதில் ஐந்து வருஷம் ஓடிவிட்டது. டாக்டரிடம் காட்டக்கூட பயம். காட்டி, அதுதான் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் சொல்லித்தானே ஆகவேண்டும்?

"ஓடுற வரைக்கும் பரவாயில்லை அண்ணி. யாருக்கும் நஷ்டமில்ல. ஆனா தெரிஞ்சுக்கிட்டே ஒரு குட்டிக்கு அதைக் கொடுக்கறது..."

"என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? உள்ள போய்ச் சொல்லு."

உள்ளே போய்ச் சொன்னாள். அண்ணன் உருட்டின மாவின் மேல் துணியை இழுத்து மூடினார். மூலைகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்தார்.

"அஞ்சு வருஷமாவா?"

"ஆமாண்ணா."

"ஒவ்வொரு பந்தயத்துக்கும் தொண்டை கிழியக் கத்திக்கிட்டு நிப்பேன். பக்கத்துல நீ சத்தம் வருதான்னு காதைத் தீட்டிக்கிட்டு நின்னியா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே போய்விட்டார். அடுப்பில் இருந்த இரண்டு தட்டு ரொட்டியை அண்ணிதான் வெளியே எடுத்தார். ஓரம் கருகியிருந்தது.

இரண்டு நாள் அண்ணன் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை, அவள் லாயத்தில் ஒரு குதிரைக்குச் சேணம் கட்டிக்கொண்டிருந்தபோது வந்து நின்றார். சட்டையெல்லாம் மாவு.

"கோவம் குதிரை மேல இல்ல" என்றார்.

"தெரியும்."

"உன் மேலயும் முழுசா இல்ல. பாதி." கொஞ்சம் யோசித்தார். "பாதிக்கும் கம்மி. டாக்டரைக் கூப்பிடு. இருக்கா இல்லையான்னு பாத்துடுவோம். இருந்தா குட்டிப் பேச்சே வேண்டாம்."

"அப்போ கடலை?"

"நம்மகிட்டயே இருப்பா. வேற எங்க போவா?"

அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு மனசு பஞ்சாய் லேசாகிவிட்டது.

டாக்டர் வந்தார். குள்ளமான பெண்மணி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கரகரத்த குரல். கதையைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சத்தம் எப்போ வருது? மூச்சை இழுக்கும்போதா, விடும்போதா?"

அவள் ஐந்து வருஷம் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறாள். இந்தக் கேள்வியை ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை. முதல் நாள் பயந்ததோடு சரி. அதற்குப் பிறகு சத்தம் வந்தாலே மனதைப் பொத்திக்கொண்டுவிடுவாள்.

"அது... கவனிக்கல டாக்டர்."

"அப்போ ஏறுங்க. ஓட்டிட்டு வந்து சொல்லுங்க. தொண்டைக் கோளாறுன்னா இழுக்கும்போதுதான் இரையும். அப்புறம் நான் ட்யூப் விட்டுப் பாக்கறேன்."

வெயில் இன்னும் ஏறவில்லை. மைதானத்தில் கூட்டம் கலைந்திருந்தது. கடலையை முதல் வளைவுவரை அடக்கிப் பிடித்துவிட்டு, நேர்ப்பாதையில் கடிவாளத்தைத் தளர்த்தினாள். கடலை காதை முன்னால் நீட்டிக்கொண்டு பாய்ந்தது. உடனே அந்தச் சத்தம். அவள் முதன்முறையாக அதற்குக் காது கொடுத்தாள். ஓடும் குதிரைக்கு மூச்சும் அடியும் ஒரே தாளம். முன்னங்கால்கள் காற்றில் நீளும்போது காற்றை இழுக்கும், தரையில் ஊன்றும்போது வெளியே தள்ளும். அவள் கழுத்தருகே குனிந்து காலை எண்ணினாள். ஊன்றுது, புர்ர். நீளுது, ஒன்றுமில்லை. ஊன்றுது, புர்ர். நீளுது, ஒன்றுமில்லை. இறக்கையை விரித்ததுபோல் மூச்சு சுத்தமாக உள்ளே போனது. தான் தப்பாக எண்ணுகிறோமோ என்று இன்னொரு சுற்று போனாள். கடலைக்கு அது கொண்டாட்டம்.

வேலியோரம் வந்து நிறுத்தியபோது அவளுக்குத்தான் அதிகமாக மூச்சு வாங்கியது.

"விடும்போதுதான் டாக்டர்! விடும்போது மட்டும்தான்!"

"கையை ஆட்டாதீங்க, கீழ விழுந்துடப் போறீங்க" என்றார் டாக்டர்.

லாயத்தில் கடலையின் தலையை அவள் பிடித்துக்கொள்ள, டாக்டர் நீளமான கேமரா ட்யூபை மூக்குக்குள் மெல்ல நகர்த்தினார். அண்ணன் சின்னத் திரையின் முன்னால் மூக்கு ஒட்டும்படி நின்றார். இளஞ்சிவப்பாக ஒரு குகை தெரிந்தது. அதன் கோடியில் இரண்டு மடல்கள், ஜன்னல் திரைகள்போல ஒரே அளவில் விரிந்து ஒரே அளவில் மூடின. டாக்டர் ட்யூப் வழியாகக் கொஞ்சம் தண்ணீர் விட்டார். கடலை விழுங்கியது. மறுபடியும் இரண்டும் முழுசாகத் திறந்தன.

"பாத்தீங்களா? ரெண்டு பக்கமும் சரிசமம். தொண்டை சுத்தம்."

"அப்போ அந்தச் சத்தம்?"

டாக்டர் கடலையின் மூக்குத் துவாரத்துக்கு மேலே இருந்த மெல்லிய தோல் மடிப்பை விரலால் தூக்கிக் காட்டினார். "இதுதான். உற்சாகம் வந்தா சில குதிரைங்க மூச்சை வேகமாத் தள்ளும். இந்த மடிப்பு கொடி மாதிரி படபடக்கும். வியாதி இல்ல. பழக்கம்னு வெச்சுக்கலாம். சந்தோஷம்னும் வெச்சுக்கலாம்."

அவள் கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது. ஒன்றை அடக்கினால் மற்றது பீறிட்டது. அண்ணன் அவள் தலையில் கையை வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். முடியெல்லாம் மாவானது.

"அஞ்சு வருஷம்! ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"கேக்கலியே" என்றாள்.

கருப்பையையும் பார்த்துவிட்டு, உடம்பு குட்டிக்குத் தயார் என்று டாக்டர் சொன்னார். "ஆனா போடணுமா வேண்டாமாங்கறது வேற விஷயம். அதுக்கு நான் ஆள் இல்ல" என்று ஒரு பண்ணையின் வழியைச் சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. தங்கைக்கோ இப்போதுதான் உண்மையான யோசனை தொடங்கியது. இதுவரை வம்சம், முன்னங்கால் என்று அவள் அடுக்கியதெல்லாம் ஒன்றை மறைக்கத்தான். ஆனால் அவை பொய்யும் இல்லையே. சத்தம் போய்விட்டது, திரும்பிய கால் அப்படியேதான் இருக்கிறது. பழைய பந்தயப் பதிவுகளை வாங்கி, இரண்டு மாலை மைதானத்து அலுவலக மேஜையில் உட்கார்ந்து, கடலையின் தாய் போட்ட குட்டிகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பண்ணைக்குப் போனார்கள். கடலை பின்னால் வண்டியில். பண்ணைக்குச் சொந்தக்காரர் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா. மூக்குக்கண்ணாடி கயிற்றில் தொங்கியது. வணக்கத்துக்குப் பதில் சொல்வதற்கு முன்பே கடலையின் குளம்பைத் தூக்கிப் பார்த்தார். நடத்திக் காட்டச் சொன்னார். முழங்காலுக்குக் கீழே நரம்பைத் தடவிக்கொண்டே போனார்.

"வலது கால் கொஞ்சம் வெளிய பாக்குது."

"ஆமாம்மா" என்றாள் தங்கை.

"மறைக்காம ஒத்துக்கிட்டதுக்குச் சந்தோஷம்." வம்சாவளித் தாளை வாங்கிக் கண்ணாடியைப் போட்டார். "மேல இருக்கற அப்பன் பாட்டன் பேரை எல்லாம் நான் அதிகம் படிக்கறதில்ல. இவ அம்மா எத்தனை குட்டி போட்டா?"

"எட்டு."

"எத்தனை பந்தயத்துக்கு வந்துச்சு?"

"எட்டும்."

பண்ணையம்மா கண்ணாடியைக் கழற்றினார். "எட்டுமா?"

"எட்டும்மா. அஞ்சு ஜெயிச்சிருக்கு. எதுவும் பெருசா இல்ல. ஆனா எதுவும் பாதில காலை ஒடிச்சுக்கிட்டுப் போகல. இவ முப்பத்து நாலு ஓட்டம். ஒரு நாள் நொண்டல. ஒரு நாள் தீனியை மிச்சம் வைக்கல."

பண்ணையம்மா வேலிக்கு அப்பால் மேய்ந்துகொண்டிருந்த குதிரைகளைக் கையால் காட்டினார். "அதோ அந்த மூணும் பெரிய வம்சம். பாத்தா கண்ணு கூசும். மூணும் சேந்து ஓடினது ஏழு ஓட்டம். அப்புறம் காலுக்குக் கட்டு." அண்ணன் பக்கம் திரும்பினார். "குட்டி சுமாராப் பொறந்தா என்ன பண்ணுவீங்க?"

"ரொட்டி வண்டி இழுக்கும்மா" என்று அண்ணன் சிரித்தார்.

பண்ணையம்மா சிரிக்கவில்லை. "நான் விளையாட்டுக்குக் கேக்கல. இந்த வம்சத்துக்கு வாங்க ஆள் சுலபமா வர மாட்டான். அது இருபத்தஞ்சு வருஷம் உயிரோட இருக்கும். எங்க நிக்கும், யார் தீனி போடுவாங்க? பதில் இல்லாதவங்களை நான் வாசலோட அனுப்பிடுவேன்."

அண்ணனின் சிரிப்பு பாதியில் நின்றது. தங்கை கடலையின் கயிற்றைக் கை மாற்றிப் பிடித்தாள்.

"நான் பழக்குவேன்மா. ஓடினா ஓடட்டும். ஓடலேன்னா நான் வாரக்கடைசில சொல்லிக்கொடுக்கற சவாரிப் பள்ளிக்குக் கொண்டுபோவேன். இவ குணம் வந்தா குழந்தைங்களைக்கூட ஏத்தலாம். அதுவும் சரிப்படலேன்னா, என்கிட்ட நிக்கும்."

"நீங்க யாரு?"

"இவ மேல அஞ்சு வருஷமா உக்காந்தவ."

"எழுதித் தரணுமா?" என்று அண்ணி கைப்பையைத் திறந்து பேனாவைத் தேடினார்.

பண்ணையம்மா அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார். "வேண்டாம்மா. ஒரே ஒரு குட்டி. அதைப் பாத்துட்டு அடுத்ததைப் பேசுவோம்."

கடலையோடு சேர்க்கப் பொலிகுதிரையைத் தேர்ந்தெடுத்தவரும் அவர்தான். அண்ணன் மனதில் பத்திரிகையில் படம் வந்த ஒரு சாம்பியன் இருந்தான். பண்ணையம்மா அந்தப் பேச்சை எடுக்கவே விடாமல், ஒரு வேலிக்குள் நின்றுகொண்டே தூங்கிய பழுப்பு நிறக் குதிரையிடம் கூட்டிப்போனார். அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முன்னங்கால்கள் இரண்டும் நூல் பிடித்தமாதிரி நேர்.

"இவனா?" என்றார் அண்ணன்.

"இவன் குட்டிங்க மெதுவாத்தான் தேறும். தேறினா நிக்கும். அவளுக்கு எது இல்லையோ அது இவன்கிட்ட இருக்கு."

"பொண்ணைக் கொடுக்கப் போற மாமனார் மாதிரி மூஞ்சியை வைக்காதீங்க" என்று அண்ணி அவர் முதுகில் தட்டினார்.

கடலை பண்ணையிலேயே தங்கியது. முதல் தடவையே சினை பிடித்தது. பதினோரு மாதம் கழித்து, எல்லோரும் வழக்கம்போல் ராத்திரியில்தான் பிறக்கும் என்று காத்து ஏமாந்த பிறகு, காலை பத்து மணிக்கு, பண்ணையம்மா ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு வரலாம் என்று உள்ளே போன இடைவெளியில், கடலை யார் உதவியும் இல்லாமல் குட்டி போட்டுவிட்டது. போன் வந்ததும் அண்ணன் பேக்கரியைப் பாதியில் மூடிவிட்டார். வாங்க வந்தவர்களுக்குக் கதவில் ஓர் அட்டை தொங்கியது: "குட்டி பிறந்திருக்கிறது. நாளை வரவும்."

அண்ணனுக்கும் அண்ணிக்கும் முன்பே தங்கை போய்ச் சேர்ந்திருந்தாள். பெண்குட்டி. உருண்டையாக, அப்பனின் பழுப்பு நிறத்தில், நெற்றியில் விரல் வைத்ததுபோல் ஒரு வெள்ளைப் பொட்டு. நாலு காலும் நாலு திசையில் போக, எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்தது. கடலை அதை நக்கிக்கொண்டே நின்றது. தங்கை வைக்கோலில் மண்டியிட்டு, முன்னங்கால்களை நேராகப் பார்த்தாள். ஒரு பக்கமிருந்து பார்த்தாள். மறுபக்கம் போய்ப் பார்த்தாள்.

"என்ன?" என்றார் அண்ணன், மூச்சு வாங்க.

"நேரா இருக்கு. ரெண்டும்."

அண்ணி குட்டியைப் பார்த்த மாத்திரத்தில் பட்டாணி என்று பேர் வைத்துவிட்டார். வேறு பேர் யோசித்திருந்த அண்ணனிடம் யாரும் கேட்கவில்லை.

பட்டாணி மெதுவாகத்தான் தேறியது. இரண்டு வயதில் ஓடத் தயாராகவில்லை. யாரும் அவசரப்படுத்தவும் இல்லை. தங்கைதான் அதன் முதுகில் முதலில் ஏறினாள். மூன்று வயதில் முதல் பந்தயம்: பத்தில் ஏழாவது. இரண்டாவது பந்தயத்தில் கடைசி நேர்ப்பாதையில் ஒவ்வொன்றாகத் தாண்டி வந்து மூன்றாவதாக நுழைந்தது. அண்ணன் கத்தின கத்தலில் அவர் குரல் போயே போய்விட்டது. இரண்டு நாள் பேக்கரியில் எல்லாவற்றையும் சைகையில்தான் சொன்னார். அண்ணி அந்த இரண்டு நாளையும் மிகவும் ரசித்தார்.

அதற்கு அடுத்த வாரம், தங்கை வேலை முடிந்து பேக்கரிக்கு வந்து, ஜன்னலோரம் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தாள். கல்லா மேஜையில் போன் அடித்தது. அண்ணி எடுத்தார்.

"சொல்லுங்கம்மா... ஆமா, பாத்தீங்களா... கடலையா? நல்லா இருக்கா, சவாரிப் பள்ளில பசங்களை ஏத்திக்கிட்டு ராஜாத்தி மாதிரி திரியறா... அப்படியா? அதே மாப்பிள்ளையா?... சரிம்மா. வர்ற மாசம் கூட்டிட்டு வர்றோம்."

பின்கட்டிலிருந்து, இன்னும் முழுசாகத் திரும்பாத குரலில் அண்ணன் கேட்டார்: "யாரு?"

"பண்ணையம்மா. கடலைக்கு இன்னொண்ணு போடலாமாங்கறாங்க. சரின்னுட்டேன்."

"என்னை ஒரு வார்த்தை கேக்கலையே?"

"உங்களுக்குத்தான் குரல் இல்லையே" என்றார் அண்ணி.

தங்கைக்கு டீ புரையேறியது. அண்ணன் ஜன்னல் வழியாக இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் அடுத்த மாதத்தைப் புரட்டி, மாவுக் கையோடு தேதிகளை எண்ண ஆரம்பித்தார்.